பாடக்குறிப்பை எந்த வடிவில் போடுவது? பிடிஎஃப், வேர்டு, ஈபப், ஒலி, காணொளி: ஓர் ஒப்பீடு

ஒரு கலைக் கல்லூரியின் வரலாற்றுத் துறையை எடுத்துக்கொள்வோம். மூன்று வருடப் பாடத்துக்கான நோட்ஸையும் இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று முடிவாகிவிட்டது. வகுப்பில் பார்வையற்ற மாணவர்கள் மூன்று பேர், காது கேளாத மாணவி ஒருவர், எழுத்தைக் கண்ணருகே பிடித்தாலும் மங்கலாகவே தெரியும் ஒருவர். வரியைத் தொடர்ந்து படிக்கத் திணறினாலும் வெளியில் சொல்லாதவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. இவர்கள் எல்லோருக்கும் உதவும்படி போடுங்கள் என்கிறார் துறைத் தலைவர். வேலை செய்ய இரண்டு ஆசிரியர்களும் ஆர்வமுள்ள நாலைந்து மாணவர்களும் உண்டு. தனியாகப் பணம் எதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் பெரும்பாலான துறைகளின் நிலைமை இதுதான் என்பதால் இதை வைத்தே பேசலாம்.

இப்படிக் கூடும் கூட்டத்தில் முதலில் எழும் யோசனை அநேகமாக இதுவாக இருக்கும்: "கண்ணு தெரியாத பசங்களுக்கு ஆடியோ, காது கேக்காத பொண்ணுக்கு வீடியோ, மத்தவங்களுக்கு பிடிஎஃப்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. செய்யத் தொடங்கினால் ஒரே பாடத்துக்கு மூன்று மடங்கு வேலை. பாடத்திட்டம் மாறும்போது மூன்றையும் திருத்த வேண்டும். திருத்த மாட்டார்கள். இரண்டாம் வருடமே பிடிஎஃப் புதிதாகவும் ஆடியோ பழையதாகவும் இருக்கும்.

நான் வேறு அளவுகோலை வைத்துப் பார்ப்பேன். எதிலிருந்து எதை எடுக்க முடியும்? ஒழுங்காகத் தட்டச்சு செய்த உரை இருந்தால் அதிலிருந்து குரல் எடுக்கலாம், பிரெயில் எடுக்கலாம், பெரிய எழுத்து எடுக்கலாம், காணொளிக்கு வசனவரி எடுக்கலாம். ஒலிப்பதிவிலிருந்து உரையை மீட்பது பெரும்பாடு. ஸ்கேன் செய்த படத்திலிருந்து மீட்பது அதைவிடக் கொஞ்சம் சுலபம், அவ்வளவே. ஒவ்வொரு வடிவத்தையும் இந்தக் கேள்வியோடுதான் எடை போட வேண்டும்.

மூன்று வகைப் பிடிஎஃப்

பிடிஎஃப் போட்டாயிற்று என்று சொல்பவரிடம் எந்த பிடிஎஃப் என்று கேளுங்கள். தமிழில் மூன்று வகை புழங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

முதல் வகை, ஸ்கேன் செய்தது. பழைய நோட்டைக் கைப்பேசியில் படமெடுத்து, பக்கங்களைச் சேர்த்து, பிடிஎஃப் என்று பெயரிட்டு வாட்ஸ்அப் குழுவில் விடுவது. இதில் எழுத்தே இல்லை, எழுத்தின் படம்தான் இருக்கிறது. பார்வையற்ற மாணவர் இதைத் திறந்தால் திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் ஸ்கிரீன் ரீடருக்குப் படிக்க ஒன்றும் கிடைக்காது. 'நூலகம்' என்ற இணையத்தளம் போன்ற பெரிய சேமிப்பகங்களில் உள்ள ஈழத்து நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. அழிந்துபோகாமல் காப்பதற்கு அது சரியான முதல் வேலை. வகுப்பு நோட்ஸுக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

இதை மீட்கக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துணரி வேலை செய்து உரையைத் தரும். நல்ல அச்சாக இருந்தால் தமிழை நன்றாகவே பிடிக்கிறது. தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் ஏறிய ஆயிரக்கணக்கான நாட்டுடைமை நூல்களின் உரை இந்தக் கூகுள் எழுத்துணரி வழியாகத்தான் வந்தது. அதைத் தானாகச் செய்யும் நிரலைக் 'கணியம்' மின்னிதழின் த. சீனிவாசன் எழுதினார். ஆனால் அங்கே எழுத்துணரி ஓடிய பிறகு மெய்ப்புப் பார்க்கத் தன்னார்வலர்கள் உட்கார்ந்தார்கள், இன்னமும் உட்கார்ந்திருக்கிறார்கள். காலும் ரகரமும் இடம் மாறும், இரண்டு பத்தி அச்சு ஒன்றோடொன்று கலந்துவிடும், அட்டவணை கந்தலாகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் பழைய ணை, லை, றா எல்லாம் தகராறு. கையெழுத்து நோட்ஸை இதில் போடுவதற்குப் பதிலாக மறுபடி தட்டச்சு செய்துவிடுங்கள்.

இரண்டாம் வகைதான் மிகவும் ஏமாற்றுவது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து எடுத்த பிடிஎஃப். டிடிபி கடைகளிலும் அச்சகங்களிலும் இன்றும் இதுதான் நடப்பு. கண்ணால் பார்த்தால் அழகான தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல், மேலே தமிழ் முகமூடி. பாமினியில் 'அம்மா' என்ற சொல்லில் அம்புக்குறி விசையை எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேளுங்கள். ஸ்கிரீன் ரீடர் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று சொல்லும். 'தமிழ்' என்றால் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்". மொத்தமாக வாசிக்க விட்டால் ஏதோ ஒரு முனகல்தான் கேட்கும். பார்வையுள்ள ஆசிரியருக்குத் தன் கோப்பில் பிழை இருப்பதே தெரியாது. மாணவர் வந்து "சார், படிக்கலை" என்றால், "நல்லாத்தானேப்பா இருக்கு, என் மெஷின்ல ஓப்பன் ஆகுதே" என்பார்.

ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யுனிகோடை 2010-இலேயே தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்துவிட்டது. யுனிகோடு செல்லாத இடங்களுக்கு டேஸ்16 என்ற தமிழ்க் குறியேற்றம். அதற்கு முன்பே, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம், 1998-இல் தொடங்கிப் பழைய குறியேற்றங்களில் வெளியிட்ட நூல்களை யுனிகோடுக்கு மாற்றத் தொடங்கியிருந்தது. அதனால்தான் அங்குள்ள சங்க இலக்கியத்தை இன்று ஒரு பார்வையற்ற மாணவர் கைப்பேசியில் கேட்க முடிகிறது. வகுப்பு நோட்ஸையும் மாற்றலாம். என்.எச்.எம். கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற இலவசக் கருவிகள் பல வருடங்களாக இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை உண்டு. நோட்ஸுக்கு நடுவே ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களையும் அவை தமிழ் என்று நினைத்து மாற்றி உளறலாக்கிவிடும். வரலாற்று நோட்ஸில் வைஸ்ராய்கள் பெயர் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். மாற்றிய பிறகு ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

மூன்றாம் வகை, யுனிகோடில் எழுதி எடுத்த பிடிஎஃப். இதுதான் சரி என்று நிம்மதி அடைய முடியாதபடி இதிலும் ஒரு சிக்கல். பிடிஎஃப் என்பது பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பதைக் காப்பாற்றப் பிறந்த வடிவம். எழுத்து என்ன வரிசையில் இருந்தது என்பது அதற்கு இரண்டாம் பட்சம். 'கொ' என்ற எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் கொம்பு முன்னால் போய், ககரம் நடுவில் நின்று, கால் தனியாக வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழப்பம் காதுக்கு உடனே தெரியும். வேர்டில் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' கொடுத்து, கட்டமைப்புக் குறிகளைச் சேர்க்கும் தெரிவை விட்டுவிடாமல் எடுத்தால் தலைப்பும் பட்டியலும் தப்பிக்கும். பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப்பாக மாற்றினால் அதுவும் போயிற்று. பார்வை மங்கியவர் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற தொல்லையும் பிடிஎஃப்பில் பெரும்பாலும் தீராது.

அச்செடுக்க பிடிஎஃப் வேண்டும். படிக்க முதன்மை வடிவமாக அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

வேர்டு, வலைப்பக்கம், ஈபப்

இந்த மூன்றுக்கும் இடையே தேர்வு செய்வதில் பெரிய ஆபத்து இல்லை, ஏனென்றால் மூன்றும் ஒரே உரையிலிருந்து வருபவை. ஆகவே எழுதும் இடத்தைச் சரிசெய்தால் போதும். எழுதும் இடம் வேர்டோ, லிப்ரே ஆபீஸோ, கூகுள் டாக்ஸோ, எதுவாகவும் இருக்கட்டும்.

எது சரியான வேர்டு கோப்பு? ஒரு மாணவர் படிக்கும்போது அருகில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். அவர் பயன்படுத்துவது என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் எழுதத் தொடங்கிய இலவச ஸ்கிரீன் ரீடர் அது. குரல், ஈஸ்பீக் என்ற இலவசக் குரல் மென்பொருளின் தகரக் குரல். அதை அவர் வைக்கும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாது; அவருக்கு அதுதான் வசதி, வேகத்தைக் கூட்டினாலும் அந்தக் குரல் குழைவதில்லை. ஒரு வலைப்பக்கத்தைத் திறந்ததும் 'எச்' விசையைத் தட்டுகிறார். ஒரு தலைப்பு. மறுபடி 'எச்'. அடுத்த தலைப்பு. நான்கு தட்டில் மூன்றாம் யூனிட்டில் ரயத்துவாரி முறைக்கு வந்துவிட்டார். அட்டவணைக்குப் போக 'டி', இணைப்புக்குப் போக 'கே'. வேர்டிலும் உலாவு நிலைக்கு மாறினால் இதே விசைகள் வேலை செய்யும்.

அடுத்து வேறொரு ஆசிரியரின் கோப்பைத் திறக்கிறார். 'எச்' தட்டுகிறார், தலைப்பே இல்லை என்று வருகிறது. உண்மையில் இருக்கின்றன, நாற்பது பக்கத்திலும் இருக்கின்றன. ஆனால் எழுத்தைத் தடிமனாக்கி, 16 அளவு வைத்து, அடிக்கோடிட்டு, கண்ணுக்கு மட்டும் தலைப்பாக ஆக்கியவை. இது தலைப்பு என்று மென்பொருளுக்குச் சொல்லும் ஹெட்டிங் ஸ்டைல் கொடுக்கவில்லை. இப்போது அவர் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

ஹெட்டிங் ஸ்டைல், படங்களுக்கு மாற்றுரை (படத்தில் இருப்பதைச் சொல்லால் விளக்கும் குறிப்பு), தலைப்பு வரிசை குறித்த எளிய அட்டவணை, மொழி தமிழ் என்ற குறிப்பு. இந்த நான்கில் முக்கால்வாசி வேலை முடிந்தது. கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மொழி குறிக்காத வலைப்பக்கத்தைப் பல ஆங்கிலக் குரல்கள் வாசிக்கும்போது தமிழ் எழுத்துகளைத் தாண்டிப் போய்விடும்; நடுவில் உள்ள எண்களும் ஆங்கிலச் சொற்களும் மட்டும் ஒலிக்கும். மாற்றுரை விஷயத்தில் வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: 'வரைபடம்' என்று எழுதுவது மாற்றுரை ஆகாது. 'கர்நாடகப் போர்கள் நடந்த இடங்கள்: ஆற்காடு, வந்தவாசி, திருச்சிராப்பள்ளி, மூன்றும் சோழமண்டலக் கடற்கரைக்கு மேற்கே உள்நாட்டில்' என்று எழுதினால் அதுவே ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடையாகிவிடும்.

வேர்டு கோப்பை அப்படியே தரலாமா? தரலாம். ஆனால் கைப்பேசியில் படிப்பவர்கள்தான் அதிகம், அங்கே வேர்டு திறப்பது சங்கடம். ஈபப் என்ற மின்னூல் வடிவமாக்கித் தந்தால் எழுத்தளவு, பின்னணி நிறம், வரி இடைவெளி எல்லாம் படிப்பவர் கையில். பார்வை மங்கியவருக்கு இடவலமாகத் தள்ளும் வேலை இல்லை. வரியைத் தொடர்ந்து படிக்கத் திணறுபவர் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம். அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கான நூல் வடிவங்களை உருவாக்கும் டெய்சி கூட்டமைப்பு தரும் வேர்டுடுஈபப் என்ற இலவசக் கருவி, ஒழுங்கான வேர்டு கோப்பை நிமிடங்களில் மாற்றித் தரும். கணினியில் படிக்கத் தோரியம் ரீடர் இருக்கிறது, அதுவும் இலவசம்.

வலைப்பக்கம் இன்னும் எளிது, தனியாகச் செயலி வேண்டாம். பிழை கண்டால் ஓரிடத்தில் திருத்தினால் எல்லோருக்கும் திருத்தம் போய்ச் சேரும். இணைப்பு விட்டுவிட்டு வரும் ஊர்களில் அதுவே குறை. ஈபப்பை ஒருமுறை இறக்கினால் போதும். எனவே நான் வலைப்பக்கத்தை முதன்மையாகவும், அதே பக்கத்தில் ஈபப்பை இறக்கும் வசதியாகவும் வைப்பேன். இரண்டும் ஒரே மூலத்தின் குழந்தைகள் என்பதால் வேலை இரட்டிப்பதில்லை.

பிரெயில் வேண்டும் என்பவருக்கும் இதே உரைதான். லிப்லூயி என்ற திறந்த மென்பொருளில் தமிழ்ப் பிரெயில் அட்டவணை இருக்கிறது; என்விடிஏவும் அதையே பயன்படுத்திப் பிரெயில் திரைக்கு அனுப்புகிறது.

ஒலி: பிரியமானது, போதாதது

மாணவர்கள் நடந்துகொண்டும் பேருந்திலும் கேட்பது ஒலிதான். வாட்ஸ்அப்பில் வந்த வாய்ஸ் நோட்டை வைத்தே செமஸ்டரைத் தாண்டியவர்கள் உண்டு. மனிதக் குரலுக்கு உள்ள பிரியம் வேறு. செய்யுள் என்றால் இயந்திரக் குரல் சந்தியை உடைத்து, சீரைக் குலைத்து, வெண்பாவைச் செய்தி அறிக்கை ஆக்கிவிடும். தமிழ்த் துறை இந்தக் கட்டுரையைப் படித்தால் ஒலிக்கு நான் கொடுத்ததைவிட உயர்ந்த இடம் கொடுக்கட்டும்.

ஆனால் ஒலி மட்டும் இருந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். நாற்பது நிமிடப் பதிவில் நிரந்தர நிலவரித் திட்டம் எங்கே என்று தேட முடியாது. இன்னொன்று, இது தமிழுக்கே உரியது. காதால் மட்டும் படித்தவருக்கு ல, ள, ழ, ர, ற, ண, ன, ந எது எங்கே என்பது நிச்சயமாகத் தெரியாது, ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் அவற்றை வேறுபடுத்தி உச்சரிப்பதே இல்லை. தேர்வில் ஸ்கிரைப் எழுதித் தருவார், சரி. பிறகு போட்டித் தேர்வுக்கோ வேலைக்கோ அவரே விசைப்பலகையில் எழுதும்போது அந்தக் குறை வந்து நிற்கும். உரையாக இருந்தால் சந்தேகமான சொல்லில் எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்டுக்கொள்வார்.

தேட முடியாத குறையைத் தீர்க்கத்தான் 1996-இல் டெய்சி கூட்டமைப்பு வந்தது. ஒலிப்புத்தகத்துக்குள் அத்தியாயம், பிரிவு, பக்கம் என்று தாவ வழி செய்தது. இந்தியாவில் 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் இத்தகைய நூல்கள் கிடைக்கின்றன. பாடநூல் ஒன்றை நீங்கள் மாற்றத் தொடங்கும் முன் அங்கே ஏற்கனவே இருக்கிறதா என்று தேடிவிடுங்கள். காப்புரிமை பற்றிப் பயம் வேண்டாம்: 2012 திருத்தத்துக்குப் பிறகு, அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக லாப நோக்கின்றி ஒரு நூலை அவர்கள் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவதைச் சட்டமே அனுமதிக்கிறது. இதே நோக்கத்துக்காக 2013-இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் ஏற்று உறுதி செய்த நாடும் இந்தியாதான். ஆனால் அப்படி மாற்றிய பதிப்பகப் புத்தகத்தை எல்லோருக்கும் திறந்த பக்கத்தில் போடக் கூடாது. அந்த மாணவர்களுக்கு மட்டுமே தர வேண்டும். உங்கள் சொந்த நோட்ஸுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

துறைக்கு என் யோசனை: ஒலியை உரையிலிருந்து எடுங்கள். அவசரத்துக்கு இயந்திரக் குரல். நேரமும் நல்ல குரலும் உள்ள மாணவர் கிடைத்தால், தட்டச்சு செய்த அதே உரையை யூனிட் யூனிட்டாகப் பார்த்துப் படித்துப் பதிவு செய்யட்டும்.

காணொளி

செலவும் உழைப்பும் இதில்தான் அதிகம், சரியாகச் செய்யாவிட்டால் இரண்டு தரப்புக்கும் உதவாமல் போவதும் இதுதான். ஆசிரியர் கரும்பலகையைக் காட்டி "இது இங்க வந்துச்சுன்னா, அது அந்தப் பக்கம் போயிரும்" என்கிறார். பார்வையற்றவருக்கு இது, அது, அந்தப் பக்கம் மூன்றுமே இல்லை. காது கேளாதவருக்கு அந்த வாக்கியமே இல்லை. "டல்ஹவுசி ஜான்சியை இணைத்துக்கொண்டார், வரைபடத்தில் மத்திய இந்தியாவில் இருக்கிறது" என்று வாயால் சொல்லிவிட்டால், காட்சியை விளக்கத் தனி ஒலித்தடம் போடும் வேலையே மிச்சம்.

வசனவரி பற்றி. இயந்திரம் தானாகப் போட்டதை அப்படியே விட்டால் பெயர்களும் ஆண்டுகளும் சிதைகின்றன, வரலாற்றுப் பாடத்தில் மிஞ்சுவது என்ன? 2015-இல் அமெரிக்கக் காது கேளாதோர் தேசியச் சங்கம் ஹார்வர்டு மீதும் எம்ஐடி மீதும் வழக்குத் தொடுத்ததற்கு இதுதான் காரணம்: இலவசமாக உலகுக்குத் திறந்துவிட்ட பாடங்களில் வசனவரி இல்லை, இருந்த இடத்திலும் பிழை மலிந்திருந்தது. நான்கைந்து வருடம் கழித்து இரண்டும் சமரசத்துக்கு வந்தன.

வசனவரியை எந்தத் தமிழில் போடுவது? இதை யாரும் கேட்பதில்லை. ஆசிரியர் பேசுவது பேச்சுத் தமிழ். "வந்துட்டாங்க, புடிச்சுட்டாங்க" என்று அப்படியே எழுதினால்தான் உண்மை என்பது ஒரு வாதம். பிறவியிலேயே காது கேளாத மாணவி பேச்சுத் தமிழைக் கேட்டு வளர்ந்தவர் அல்லர். அவர் கற்ற தமிழ் பாடப்புத்தகத் தமிழ். 'புடிச்சுட்டாங்க' என்பதை அவர் ஒருவேளை முதன்முறையாக அந்தத் திரையில்தான் பார்ப்பார். பாடக் காணொளியில் எளிய எழுத்துத் தமிழில் வசனவரி போடுங்கள் என்பேன். முன்பே எழுதிய உரையைப் பார்த்துப் பேசியிருந்தால் இந்த வேலையும் பாதி முடிந்திருக்கும்.

சைகை மொழியே தாய்மொழியாக இருப்பவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. வசனவரி போட்டதும் கடமை முடிந்தது என்று நினைக்க முடியாது. இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-இல் தன் அகராதியை 10,000 சொற்களுக்கு விரித்தது. என்சிஇஆர்டி பாடநூல்களைச் சைகை மொழியில் தர 2020-இல் ஒப்பந்தமும் ஆனது. கல்லூரிப் பாடத்துக்கு அந்த அளவு எதுவும் கையில் இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள் குறைவு, இரட்டை ஆட்சி, துணைப்படைத் திட்டம் போன்றவற்றுக்கு எந்தச் சைகை என்பதை மாணவியோடு உட்கார்ந்து முன்னரே பேசி வைக்க வேண்டியிருக்கும். எல்லா வகுப்பையும் சைகையில் தர ஒரு துறையால் முடியாது. யூனிட்டுக்கு ஒரு பத்து நிமிடச் சுருக்கம் முடியும். பாளையங்கோட்டையிலும் சென்னை அடையாறிலும் காது கேளாதோருக்கான பழம்பெரும் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. அத்தகைய இடத்து ஆசிரியர் ஒருவரைக் கேட்டுப் பார்ப்பது, நாமே இணையத்தில் பார்த்துச் சைகை கற்று நடிப்பதைவிட மேல்.

எப்போது செய்வது?

வடிவத்தை முடிவு செய்தாலும் இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு ஏற்றுவதா, ஏற்றிவிட்டுக் கேட்பவருக்குச் செய்து தருவதா?

எல்லாம் சரியானால்தான் வெளியே இருக்கலாம் என்ற முதல் வழியின் விபரீதத்துக்கு பெர்க்லி ஓர் உதாரணம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் இலவசமாகத் திறந்துவைத்த பாடக் காணொளிகளைக் காது கேளாதவர்களால் பயன்படுத்த முடியவில்லை என்று புகார் போனது. அமெரிக்க நீதித் துறை 2016 ஆகஸ்டில் கடிதம் அனுப்பியது. சரிசெய்யச் செலவு அதிகம் என்று சொல்லி, 2017 மார்ச்சில் 20,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப்பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புகார் செய்தவர்கள் கேட்டது வசனவரி, கிடைத்தது பூட்டு. ஊரே அவர்களைத் திட்டியது என்பதுதான் கொடுமை. 2022-இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, பழையதைச் சரிசெய்ய ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாம் வழியின் விபரீதம் நம்மூரில் தினமும் நடப்பது. "கேட்டா குடுத்துருவோம்" என்பார்கள். கேட்டு, எழுதிக் கொடுத்து, நினைவூட்டி, கோப்பு வருவதற்குள் இன்டர்னல் முடிந்திருக்கும். எல்லோர் முன்னாலும் கையேந்திக் கேட்க வேண்டிய கூச்சம் வேறு.

ஹார்வர்டு, எம்ஐடி வழக்குகள் முடிந்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. புதிதாக வருவது எல்லாம் முதல் நாளே வசனவரியோடு. பழைய கிடங்கில் உள்ளது, யாராவது கேட்டால் சில வேலை நாட்களுக்குள். நம் துறைக்கும் அதுவே பொருந்தும், கெடு நாளைப் பக்கத்தின் மேலேயே எழுதிப் போட்டால்.

மூன்றாவதாக ஒரு குறுக்கு வழியை விற்க ஆள் வருவார்கள். தளத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட பொத்தான், ஒரே வரி நிரல், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பார்கள். அது பாமினியை யுனிகோடு ஆக்காது, ஸ்கேன் படத்துக்குள் எழுத்தை நடாது. இப்படிச் சொல்லி விற்ற ஆக்ஸசிபி என்ற நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025-இல் அமெரிக்க வணிக ஆணையம் உத்தரவிட்டது. காசை மிச்சம் பிடியுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் துறைத் தலைவரின் காதில் போட்டு வைக்கலாம், கோப்பில் கையெழுத்து வாங்க உதவும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, மின்வடிவ உள்ளடக்கமும் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. அதன் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயத் தரம் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில், இணையச் சேவைகளைப் பயன்படுத்த முடிவதை வாழும் உரிமையின் பகுதியாகவே பார்த்தது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான மின்பாடம் எப்படி இருக்க வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2021-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

ஆக, இந்தத் துறைக்கு நான் எழுதித் தரும் குறிப்பு இப்படி இருக்கும். வரும் செமஸ்டர் பாடங்களை மட்டும் எடுங்கள். யுனிகோடில், ஹெட்டிங் ஸ்டைலோடு வேர்டில் எழுதுங்கள். வலைப்பக்கமாகவும் ஈபப்பாகவும் வெளியிடுங்கள். அச்சுக்கு மட்டும் பிடிஎஃப். காணொளி எடுப்பதானால் அந்த உரையை வைத்தே பேசி, அதையே வசனவரியாக்குங்கள். ஏற்றுவதற்கு முன் மூன்று பார்வையற்ற மாணவர்களில் ஒருவரிடம் கொடுத்து, ஒரு கேள்விக்கான விடையைத் தேடி எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். அந்த நேரத்துக்கு அவருக்கு ஏதாவது ஊதியம் கொடுங்கள். சோதனை செய்வது வேலை.

பழைய கிடங்கைக் கேட்டால் தருவது என்று வைக்கும்போது ஒன்றுக்கு மட்டும் விலக்கு. பல்கலைக்கழகப் பழைய கேள்வித்தாள்கள். அவை எப்போதும் ஜெராக்ஸின் ஸ்கேனாகத்தான் சுற்றும், தேர்வுக்கு முந்தைய வாரம் எல்லா மாணவர்களும் தேடுவதும் அவற்றைத்தான். ஒவ்வொன்றும் இரண்டே பக்கம். யாரும் கேட்கக் காத்திருக்காமல் தன்னார்வ மாணவர்களை முதலில் அவற்றைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.